சிவப்பு வால் கப்பி

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருஷம், கொழும்புக் கடையில் கணக்கெழுதும் என் கணவர் லீவில் வந்தார். தோணியில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கண்ணாடிப் பாட்டிலை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஐந்து கப்பி மீன்கள். ஓர் ஆணுக்கு மட்டும் வாலோரத்தில் சிவப்புக் கோடு.

"இந்தச் சிவப்பு வால் முழுக்கப் பரவணும். நல்ல செவப்பா உள்ளத மட்டும் பிரிச்சுச் சேத்து விடு" என்றார். பத்தாம் நாள் திரும்பிப் போய்விட்டார்.

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். போட்ட குட்டியைத் தாயே தின்னும். வயிறு பெருத்ததைத் தனிப் பானைக்கு மாற்றி, ஈன்றதும் தாயை எடுக்க வேண்டும். ஒவ்வோர் ஈற்றிலும் அதிகம் சிவந்த ஆணை அதன் தங்கைகளோடு விடுவேன். பதினோரு பானைகள். எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர். மீனுக்கும் தெருக்குழாயில் நின்றுதான் பிடிக்க வேண்டும்.

"ஏளா, மனுசருக்கே தண்ணி இல்ல. நீ மீனுக்கு மாத்துதியே" என்பாள் பக்கத்து வீட்டு மைனி. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பேன்.

அவர் கடிதங்களில் மீன் விசாரிப்புதான் முதலில். என் சுகம் கடைசி வரியில்.

இரண்டாம் வருஷம் வால் முழுக்கச் சிவந்தது. அதற்கடுத்த ஈற்றில் முதுகுகள் வளைந்திருந்தன. பிறகு குட்டிகளே குறைந்தன. இருப்பதில் அழகான ஆண், இரையை எட்ட முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரே ரத்தத்துக்குள் சேர்த்ததன் வினை என்று பட்டது. வெளி மீன் சேர்க்கட்டுமா என்று எழுதினேன். 'சேர்க்காதே, நிறம் போய்விடும்' என்று பதில் வந்தது.

சேர்த்தேன். கொசுப்புழு தின்பதற்காகத் தெருக்கோடிக் கிணற்றில் விட்டிருந்த கப்பிகளில் நான்கு பெண் மீன்களை வாளியில் மொண்டு வந்து, மிஞ்சிய சிவப்பு ஆண்களோடு விட்டேன்.

அடுத்த லீவில் வந்தவர் பானைக்குள் குனிந்து பார்த்தார்.

"ஏளா, செவப்பு எங்க?"

"போயிருச்சு. முதுகு நிமிந்திருக்கு, பாருங்க."

"வேண்டாம்னு எழுதுனேம்லா?"

"நீங்க எழுதுனிய. செத்துச் செத்து மெதந்தத அள்ளிப் போட்டது நானுல்லா."

லீவு முடிந்து அவர் போனதும் பானைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எல்லா மீனையும் ஒரே தொட்டியில் விட்டேன்.

சில மாதங்களில் இரண்டு ஆண் குட்டிகளின் வாலில் மறுபடி சிவப்பு தெரிந்தது. அவருக்கு எழுதவில்லை. எழுதினால் பிரிக்கச் சொல்வார்.