மஹ்விஷ் போட்ட எரர்

நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் மஹ்விஷைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் வீடு. அப்பா குலாம் முகம்மது ஆட்டோவுக்கு சீட் தைக்கிறவர். பி.காம். முடித்ததும் தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டாள். நாளெல்லாம் நிற்க வேண்டும். உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமே என்றுதான் தரமணியில் எங்கள் கம்பெனிக்கு வந்தாள்.

இங்கே வேலை பேஸ்பால். அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் ஆடும் மேட்ச்சின் வீடியோ காலையில் வந்துவிடும். ஒவ்வொரு பந்தையும் எப்படிப் போட்டான், எப்படி அடித்தான், யார் கோட்டைவிட்டான் என்று பார்த்துப் பதிய வேண்டும். அங்கே உள்ள புரொஃபஷனல் டீம்கள் அதைப் பார்த்துத்தான் எந்தப் பையனை எடுக்கலாம் என்று யோசிப்பார்கள்.

நாங்கள் எல்லோரும் கிரிக்கெட்டில் ஊறியவர்கள். அவளுக்கோ கிரிக்கெட் அறவே தெரியாது. அதனாலேயே பேஸ்பாலைப் பேஸ்பாலாகக் கற்றுக்கொண்டாள். எனக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். முகம் தெரியாவிட்டாலும் தோளைத் தூக்கும் விதத்தை வைத்தே எந்தக் கல்லூரிப் பையன் என்று சொல்லிவிடுவாள். "இன்னிக்கு எந்தப் புள்ள தோத்தான்?" என்று அவள் அம்மா சோறு போடும்போது கேட்பாராம்.

அந்த மாதக் கடைசியில் அவளை, மற்றவர்கள் பதிந்ததைச் சரிபார்க்கும் செக்கராகப் போடுவதாக இருந்தது. செக்கர் ஓகே சொன்ன ஃபைலில் அப்புறம் ஒருத்தரும் கை வைக்க முடியாது. நான்கு வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தாள்.

அப்போதுதான் டீம் லீட் சக்திவேல் அவள் திரையை எட்டிப் பார்த்தார். சுலபமான ஒரு தரைப்பந்து ஃபீல்டரின் காலிடுக்கில் புகுந்து ஓட, எதிர் டீம் இரண்டு ரன் எடுத்திருந்தது. மஹ்விஷ் அதை 'எரர்' என்று பதிந்திருந்தாள். எரர் என்றால் பழி ஃபீல்டருக்கு. பந்து போட்ட பிட்சரின் தலையில் அந்த ரன் ஏறாது. 'ஹிட்' என்றால் ஏறிவிடும்.

"இன்னா மஹ்விஷ், மிஸ்ஃபீல்டுல ரன்னு போனாலும் பவுலர் கணக்குலதான? ஹிட்டுன்னு மாத்து."

"அது கிரிக்கெட்ல சார். இதுல அப்டி கெடையாது. அந்தப் பையன் ஒழுங்காத்தான் போட்டுக்கீறான்."

"பத்து வருஷம் லீக் ஆடினவன்கிட்டயே ரூல் பேசறியா?"

ஆடியது கிரிக்கெட் லீக். பேஸ்பால் விதிப்புத்தகத்தை மனுஷன் ஒருநாளும் புரட்டியதில்லை.

அவள் மாற்றவில்லை. மதியத் தொழுகைக்கு எழுந்து போனாள். பத்தே நிமிஷம். சக்திவேல் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவள் லாகினிலேயே 'ஹிட்' என்று மாற்றி அனுப்பிவிட்டார். பக்கத்து சீட்டில் இருந்த நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் வந்ததும், "சார் அனுப்பிட்டாரு" என்று மட்டும் சொன்னேன். அனுப்பிய ஃபைலை மறுபடி திறக்க முடியாது.

பத்து நாளில் அமெரிக்காவிலிருந்து மெயில் வந்தது. இதுகூடத் தெரியாதவர்களையா வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று காய்ச்சியிருந்தார்கள். லாகின் மஹ்விஷுடையது. அதனால் வார்னிங் லெட்டரும் அவளுக்கே. செக்கர் வேலை கைநழுவிப் போயிற்று. என்ன அநியாயம் இது!

"அந்த டைம்ல நான் தொழுதுக்கினு இருந்தேன் மேடம்" என்றாள், விசாரிக்க எங்கள் சீட்டுக்கே வந்த எச்.ஆர். பூஜாவிடம்.

"அப்போ சிஸ்டத்த லாக் பண்ணாம போனது உங்க தப்புதானே?"

திருடினவனை விட்டுவிட்டு, கதவைச் சாத்தாதவளைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஃப்ளோரில் சிஸ்டத்தை லாக் பண்ணிவிட்டு எழுந்து போன ஒருத்தரைக் காட்டட்டும் பார்க்கலாம். சக்திவேல் ஒன்றுமே நடக்காதது போலப் போனை நோண்டிக்கொண்டிருந்தார். வெட்கம்கெட்ட மனுஷன்.

"ஜெயாக்கா பக்கத்துலதான் இருந்தாங்க. அவங்கள கேளுங்க" என்றாள் மஹ்விஷ்.

கேட்டார்கள். சக்திவேல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கவனிக்கல மேடம்" என்றேன்.

சாயங்காலம் தரமணி ஸ்டேஷனில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். பயந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"அவரு ரூல் தெரியாம பண்ணாரு அக்கா. உங்களுக்கு ரூல் தெரியும். நான்தான் சொல்லிக் குடுத்தேன். நீங்க தெரிஞ்சே பண்ணீங்க."

ரயில் வந்தது. எப்போதும் இருவரும் ஏறும் பெட்டியில் நான் ஏறினேன். அவள் அடுத்த ரயிலுக்காக அங்கேயே நின்றுவிட்டாள்.