பட்டன் அக்கா என்கிற டைரக்டர்

பட்டன் அக்கா வசமாக மாட்டிக்கொண்டது ஒரு பாராட்டினால். திட்டு என்றால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். பாராட்டு ஜெயில் வாசல்வரை இழுத்துக்கொண்டு போகும் என்று யார் கண்டார்கள்?

சட்டைப் பட்டன் செய்யும் அந்தச் சின்னத் தொழிற்சாலையை விட்டுவிட்டு அப்பா கண்ணை மூடியபோது தம்பி படித்துக்கொண்டிருந்தான். அக்காவோ புருஷனைப் பறிகொடுத்து, இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். தம்பி தலையெடுக்கும்வரை தொழிற்சாலையைத் தாங்கிப் பிடித்தவள் அவள்தான். பிறகு அவன் அதைக் கம்பெனியாக்கினான். இரண்டு டைரக்டர்கள், அவனும் அக்காவும். வாசல் பலகையில் தன் பெயரைப் பார்த்த அன்று அவள் அதை உள்ளங்கையால் துடைத்துவிட்டாள். பலகையில் தூசியே இல்லை.

டைரக்டர் ஆனாளே தவிர, ஏசி அறைக்குள் அவள் உட்கார்ந்ததில்லை. மெஷின் கூடம்தான் அவள் ராஜ்யம். சூட்டோடு விழுகிற பட்டனை எடுத்து நகங்களுக்கு நடுவில் வளைத்துப் பார்ப்பாள். "சூட்டைக் குறைப்பா, இது சட்டைக்கா, சட்டிக்கா?" என்பாள். மெஷின்காரர் சிரித்துக்கொண்டே குறைப்பார். வாங்குவதும் விற்பதும் தம்பி பாடு.

அந்த இடத்தில்தான் வினை. பட்டனுக்கான பிளாஸ்டிக் குருணை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். சொந்தத் தொழிற்சாலையில் உருக்குவதற்கு மட்டும், வெளியே ஒரு மூட்டைகூட விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அரசாங்கம் இறக்குமதி லைசென்ஸ் கொடுத்திருந்தது. தம்பி துறைமுகத்திலேயே மூட்டைகளைக் கைமாற்றிவிட்டான். பட்டன் செய்து விற்பதைவிட அது சுலபமாக இருந்தது. இங்கே மெஷின்கள் பட்டினி கிடந்தன.

அதிகாரி ஆட்களோடு வந்து கிடங்கைப் பூட்டிய அன்றுதான் அக்காவுக்கு விஷயமே தெரிந்தது. அவர் மெதுவாகப் பேசுகிற மனிதர். பட்டன் பொறுக்கும் மேஜையருகே நின்று, "இங்க எல்லாத்தையும் பார்த்துக்கறது யாரும்மா?" என்று கேட்டார்.

அந்த மேஜையில் ஒருத்தி உண்டு. எல்லோரும் அவளை வாயாடி என்பார்கள்; அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள். அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் முந்திக்கொண்டாள்.

"எல்லாம் எங்க அக்காதான் சார். அக்கா சொல்லாம இங்க ஒரு துரும்பு அசையாது. முதலாளின்னா அவங்கதான். தம்பி சும்மா கார்ல வருவாரு, போவாரு."

மெஷின்காரரும் தலையாட்டினார். கூடமே தலையாட்டியது. அக்காவுக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார்.

வக்கீல் அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கம்பெனி தப்பு பண்ணா, கம்பெனியைத் தூக்கி ஜெயில்ல போட முடியாதும்மா. அதைப் பொறுப்பா நடத்தினவங்களைத்தான் போடுவாங்க. பேருக்கு டைரக்டர்னா நான் உங்களை வெளியே இழுத்திருப்பேன். உங்க ஆளுங்க உங்களை மகாராணி ஆக்கிட்டாங்களே."

"இப்ப என்ன செய்யறது?"

"விசாரணையில ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுங்க. சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போறவ நான், அவ்வளவுதான்னு. உங்க ஆளுங்களையும் அப்படியே சொல்லச் சொல்லுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி நிமிரவே இல்லை. அக்கா பூட்டிக் கிடந்த கிடங்குக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு இது நிறை மாதம். பேறுகாலத்தில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் தினமும் போனில் கேட்கிறாள். அந்த நேரத்தில் அம்மா கம்பி எண்ணிக்கொண்டிருந்தால்?

மறுநாளே வாயாடியின் வீட்டுக்குப் போனாள்.

"நான் சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போவேன்னு சொல்லணும்டி."

"யாரு, நீங்களா? அக்கா, நீங்க உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே."

"சொல்லித்தான் ஆகணும். இல்லேன்னா என்னைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க."

வாயாடியின் முகம் வெளுத்தது. அவள் வாயிலிருந்து பேச்சு வராததை அக்கா அன்றுதான் முதல்முறை பார்த்தாள்.

விசாரணை அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அக்காவும் தம்பியும் வக்கீலும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் வாயாடியைக் கேட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கைகட்டி ஒப்பித்தாள்.

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது சார். சும்மா வந்து உட்கார்ந்துட்டுப் போவாங்க."

"அன்னிக்கு வேற மாதிரி சொன்னீங்களே" என்றார் அதிகாரி. "சரி, மெஷின் நின்னப்போ உங்களை வீட்டுக்கு அனுப்பினது யாரு?"

"அக்காதான்..." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். கடித்து என்ன பயன்? மடை திறந்துவிட்டது. "அவங்க என்ன சார் செய்வாங்க? குருணை வரலை. தம்பியை எங்க எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டாங்க. 'குருணை எங்கடா, இவங்க அடுப்பு எப்படி எரியும்'னு அழுதாங்க சார்."

வக்கீல் பேனாவை மூடினார். அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பினார்.

"தம்பியை அப்படிக் கேட்டீங்களா?"

கேட்டேன் என்றால், குருணை விற்றுப்போனது அவளுக்குத் தெரியாது என்று ஆகும். தப்பிக்க வழி உண்டு. ஆனால் அந்த ஒரு சொல் தம்பியின் கழுத்தில் போய் விழும். அவன் அவளைப் பார்த்தான். காய்ச்சலில் படுத்திருக்கும்போது சின்ன வயதில் பார்ப்பானே, அதே பார்வை. பொய் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். வாயாடி விசும்புவது கேட்டது. பட்டினி கிடந்த மெஷின்களும், வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களும் கண்முன் வந்தார்கள்.

"கூடத்தை நடத்தினது நான்தான் சார். சும்மா உட்கார்ந்துட்டுப் போறவ இல்ல. கேட்டேன். கப்பல் வரலைன்னு சொன்னான். நம்பினேன்."

தம்பி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல்களுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா சொல்றது நிஜம் சார். கப்பல் வந்துச்சு. நான்தான் வித்தேன். அவளுக்குத் தெரியாது."

அதிகாரி நெடுநேரம் எழுதினார். "உங்க மேல வழக்கு வருமா வராதான்னு இப்போ நான் சொல்ல முடியாதும்மா. சொன்னதை எழுதிக்கிட்டேன். நீங்க போகலாம். இவரு இருக்கட்டும்."

வெளியே நடைபாதையில் வாயாடி மூக்கைச் சிந்தினாள். "உளறிட்டேனாக்கா?"

"உளறினே. நல்லவேளை உளறினே."

"அப்ப வாங்க, போலாம். பொண்ணு காத்துக்கிட்டு இருக்கும்."

அக்கா மூடியிருந்த கதவைப் பார்த்தாள். உள்ளே அவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நீ போ. அவளுக்கு போன் பண்ணி அம்மா வந்துடுவாளாம்னு சொல்லு. தம்பி வரட்டும். நான் கொஞ்சம் சும்மா உட்கார்ந்திருக்கேன்."