ஆறு மாதம் தாங்கினால் போதும்

இந்தக் கனடா ஊரில் ஐப்பசி பிறந்தால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரைப் படுக்க வைத்துவிடுகிறார்கள். முதல் வருடம், பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்ஜினின் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் எண்ணெய் விடுவதைப் பார்த்து, "ரிப்பேரா? உதவட்டுமா?" என்று ஓடினேன். "இல்லை, ஏப்ரல் வரை தூங்கட்டும்" என்றார். பனியை உருக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், அது காரின் அடித்தகட்டைத் தின்றுவிடும். சும்மா நிற்கிற இன்ஜினோ உள்ளே துருப்பிடிக்கும். அதற்குத்தான் இத்தனை பக்குவம். "உங்கள் ஊரில் எப்போது நிறுத்துவீர்கள்?" என்றார். பெட்ரோல் தீர்ந்தால் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அது எந்த மாதம் என்று கேட்டார்.

இந்த ஆடியில் உத்திரமேரூருக்கு லீவில் போனபோது பழைய ஃபியட் ஒன்று வாங்கினேன். கிளம்புமுன் என் புது வித்தையைக் காட்ட வேண்டாமா? கொட்டகையில் நிறுத்தி, பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, நான்கு பிளக்குகளையும் கழற்றினேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருக்கும் என் மனைவி சரோஜா, குழம்புக் கரண்டியும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தாள். பம்புசெட்டு மோட்டாரைப் பிரித்தால்கூட நகராமல் நின்று பார்க்கிறவள்.

"இந்த ஓட்டைல இன்னா மாமா ஊத்தப் போற?"

"கொஞ்சம் ஆயிலு. உள்ள துரு புடிக்காது. அந்தக் கரண்டியக் குடு."

"சைலன்சர்ல இன்னாத்துக்குத் துணி?"

"குளவி பூந்துடாம இருக்கத்தான்."

"இத்தெல்லாம் பண்ணா எத்தினி நாளு தாங்கும்?"

"ரெண்டு வருசம் ஆனாலும் ஒண்ணும் ஆவாது" என்றேன் பெருமையாக.

கரண்டி என் கைக்கு வரவில்லை.

"அப்ப நீ திரும்பி வர ரெண்டு வருசம் ஆவும்னு சொல்லு."

நான் இன்ஜினைத்தான் சொன்னேன் என்று சமாளித்தேன். எப்போது வருவேன் என்பது உண்மையில் எனக்கே தெரியாது.

"ஆறு மாசம் தாங்குனா போதும். பேட்டரிய மட்டும் கழட்டி வெச்சிட்டுப் போ. பொங்கலுக்கு நீயே வந்து ஸ்டார்ட் பண்ணு" என்று சொல்லி, கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். சரி என்றேன். எண்ணெய் விடாமலே பிளக்குகளைத் திருப்பி முடுக்கினேன். என்னை இவ்வளவு தேடுகிறாளே என்று சந்தோஷமாக இருந்தது, பொங்கலுக்கு எத்தனை வாரம் என்று விரல்விட்டும் எண்ணிப் பார்த்தேன்.

போன வாரம் இங்கே என் காரைப் படுக்க வைத்தேன். எல்லாத் துளைகளிலும் எண்ணெய் விட்டாயிற்று. ஏப்ரலில் எழுப்புகிறேன் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். சரோஜாவிடம் சொன்னது பொங்கல். வேலையிடத்தில் லீவு கேட்க இன்னும் வாய் வரவில்லை, மார்ச் வரைக்குமான லீவு ஆடியிலேயே தீர்ந்துபோனது. இரண்டு கார்களுக்குச் சொந்தக்காரனான நான், காதுவரை கம்பளியைச் சுற்றிக்கொண்டு, பனியில் நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.