சந்தனம் வைத்த பிஸ்டல்

விஜயதசமி அன்று காலை வீட்டில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வாசுகி.

"அக்கா, பிஸ்டல் சீறுது. சிலிண்டர மாட்டினதும் உஸ்ஸுன்னு காத்து போவுது. எத்தன தடவ முறுக்கினாலும் நிக்கல."

"முறுக்காத. முறுக்கினா ரிங் இன்னும் நாசமாவும். கழட்டி வச்சிட்டு கை கட்டி உக்காரு. வர்றேன்."

மறுநாள் காலை அவளுக்குத் துப்பாக்கி சுடுதலில் மாநில அணித் தேர்வு. இட்லியை மகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் அப்போது புதுச்சேரியில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் ஸ்டோர் கீப்பர். அதற்கு முன் இதே ஊரில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ரப்பர் ஓ-ரிங் வார்க்கும் யூனிட்டில் இன்ஸ்பெக்ஷன் வேலை. நாள் முழுக்க லென்ஸ் வழியாக ரிங்குகளைப் பார்த்து, பிசிறு இருப்பதைத் தூக்கி எறிவேன். யூனிட்டில் ஆள் குறைத்தபோது இங்கே வந்தேன். சாவிக்கொத்தைத்தான் கொடுத்தார்கள். ஆனால் கிளப்பில் இருந்த ஏர் பிஸ்டல்கள் எல்லாம் காஸில் ஓடுபவை. காஸ் ஓடுகிற இடத்தில் ரிங் இருக்கும், ரிங் இருக்கிற இடத்தில் கசிவு இருக்கும். ஆகவே பழைய வேலை என்னைத் துரத்திக்கொண்டு இங்கேயும் வந்துவிட்டது.

காலியாக வைப்பது

பிஸ்டலின் குழலுக்கு அடியில் ஒரு சிறிய சிலிண்டர் இருக்கும். சோடாவில் அடைக்கிறார்களே, அதே கார்பன் டை ஆக்ஸைடு. பெரிய பாட்டிலிலிருந்து இதில் நிரப்பி, பிஸ்டலில் திருகி மாட்ட வேண்டும். மாட்டுகிற இடத்தில் ஒரு ஓ-ரிங். ஒரு துண்டு சேமியாவை வளைத்து ஒட்டினால் எப்படி இருக்குமோ அவ்வளவுதான் அதன் கனம். மொத்த காஸையும் தடுத்து நிற்பது அதுதான்.

கிளப் செயலாளர் அந்துவான் முசியே. முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். எங்கள் ஊரில் இவர்களை சொல்தா என்போம். நல்ல மனிதர், ஆனால் ஆயுதம் என்று வந்துவிட்டால் அவருக்கு ஒரே விதிதான்: ஸ்டோரில் வைப்பது காலியாக இருக்க வேண்டும். ரைஃபிளுக்கு அது சரி. காஸ் பிஸ்டலுக்கு அப்படியே பொருத்தினால் ரிங் பாழாகும். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"முசியே, உள்ள கொஞ்சம் காஸ் இருந்தாத்தான் ரிங் அது எடத்துல அமுங்கி உக்காரும். மொத்தமா காலி பண்ணி மாசக்கணக்குல வச்சா காஞ்சு போவும், தூசி ஏறும்."

"அலோர், தனம், ஆயுதத்துல எதையாச்சும் மிச்சம் வச்சிட்டுப் பூட்டறது ஒழுங்கு இல்ல," என்பார். 'அலோர்' என்றால் 'அப்போ சரி' மாதிரி; பேச்சு அதோடு முடியும். நானும் அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் காஸ் விட்டே பூட்டி வந்தேன், அவருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு நான் லீவு. முசியே கிறிஸ்தவர்தான், ஆனால் பொரி கடலையை விடுகிற ஆள் இல்லை. பூஜையைத் தானே முன்நின்று நடத்தியிருக்கிறார். சாமி முன்னால் காஸ் உள்ள ஆயுதத்தை வைக்கக் கூடாது என்று எல்லாச் சிலிண்டரையும் கழற்றி, வால்வைத் திறந்து ஒரே மூச்சில் காலி செய்திருக்கிறார். இந்தக் காஸ் ரப்பருக்குள்ளும் ஊறியிருக்கும். மெதுவாக விட்டால் மெதுவாக வெளியே வரும். திடீரென்று விட்டால் ரிங் ஊறின கடலை மாதிரி உப்பிவிடும். உப்பின ரிங் சுலபமாக வெட்டுப்படும்.

நொட்டாங்கைக்காரி

நான் போனபோது வாசுகி சொன்னபடியே கை கட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முசியே, முகத்தில் ஈயாடவில்லை.

வாசுகி கனகசெட்டிக்குளத்துப் பெண். அப்பாவுக்குக் கடல் தொழில். இடது கைக்காரி. கிளப்பில் இடது கைக்குச் செதுக்கிய பிடி உள்ள பிஸ்டல் ஒன்றே ஒன்றுதான், அதுதான் இப்போது சீறியது. வேறு பிஸ்டலை அவள் கையில் கொடுத்தால் வலது கால் செருப்பை இடது காலில் மாட்டின கதைதான். அவள் அப்பாவும் ஏற்கெனவே கறாராகச் சொல்லியிருந்தார்: "இந்த ஒரு தடவதான். இதுல எடுக்கலன்னா வீட்டுக்கு வந்துடணும்." அவர் சொன்னபோது நான் கூட இருந்தேன்.

லென்ஸை வைத்து, பிஸ்டலில் சிலிண்டர் மாட்டுகிற வாயைப் பார்த்தேன். மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

வாசுகி தலையைக் குனிந்தாள். "சந்தனம் வச்சேங்க்கா. எல்லாரும் வச்சாங்க. நான் என்னோடதுன்னு கொஞ்சம் நல்லாவே வச்சேன். காஸ் போற வாய்தானே உசுருன்னு, அங்கயும் ஒரு பொட்டு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. அவர் சிலிண்டரைக் கழற்றாமல் இருந்திருந்தால் அந்த வாய் மூடியே இருந்திருக்கும். அவள் பொட்டு வைக்காமல் இருந்திருந்தால் திறந்த வாயால் பெரிய கெடுதல் வந்திருக்காது. ஒருவர் ஒழுங்குக்காகச் செய்தார், ஒருத்தி பக்திக்காகச் செய்தாள். காலையில் நிறைந்த சிலிண்டரை மாட்டியதும் சந்தனத் துகள் உப்பின ரிங்கைக் கீறிவிட்டது.

"உயிர்னு சொன்னியே, அந்த உயிர் மூக்குலயே சந்தனத்த அடச்சிட்டியேடி," என்றேன். அதற்கு மேல் திட்ட மனம் வரவில்லை. அவள் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது.

நூலை எரிசாராயத்தில் நனைத்துத் திருகு வரிகளைத் துடைத்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊசி, பின் எதுவும் உள்ளே விடக் கூடாது. ரிங் போனால் மாற்றலாம். ரிங் உட்காரும் உலோகத்தில் கீறல் விழுந்தால் பிஸ்டலே போச்சு. முசியே டார்ச் பிடித்தார்.

உலோகம் தப்பித்திருந்தது. ரிங் போய்விட்டது. மாற்று ரிங் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியது, கேட்டு எழுதி மாதங்கள் ஆகியிருந்தன.

"மேட்டுப்பாளையம் போலாம். என் பழைய யூனிட்ல இருக்கும்," என்றேன்.

முசியே தொப்பியை எடுத்து மாட்டினார். "ஏறு," என்று தன் மொபெட்டைக் காட்டினார்.

வாழைக்கன்று கட்டிய பிரஸ்

யூனிட் பூட்டியிருந்தது. சூப்பர்வைசர் கலியபெருமாள் அண்ணன் வீடு பக்கத்திலேயே. விஷயத்தைக் கேட்டதும் சாவியோடு வந்து கதவைத் திறந்தார். உள்ளே ரிங் அழுத்தி வார்க்கும் பிரஸ் மெஷினில் வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, அதன் முன்னால் எல்லா வார்ப்பு அச்சுகளும், ரிங் டப்பாக்களும் அடுக்கி வைத்திருந்தார்கள். யூரிதேன் ரிங் டப்பா நடுவில், பூசணிக்காய்க்குப் பக்கத்தில் இருந்தது. இந்தக் காஸுக்குச் சாதாரண ரப்பரை விட யூரிதேன் தாங்கும்.

கையை நீட்டினேன்.

"தனம், தொடாத," என்றார் அண்ணன். "பூஜையில வச்சதாச்சே. மொதலாளி நாளைக்கு வந்து கற்பூரம் காட்டிக் கலைச்சாத்தான் எடுக்கணும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். பல வருஷம் நானும் அதே இடத்தில் நின்று பொரி வாங்கியவள். முதலாளி நாளை பத்து மணிக்கு வருவார். தேர்வு அதற்குள் பாதி முடிந்திருக்கும். அண்ணனோடு சண்டை போட வாய் வரவில்லை. அவர் சொல்வது அந்த இடத்தின் முறை.

முசியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உங்க சாமி விஷயம். நான் பேசக் கூடாது. ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணு இதே சாமிக்குத்தான் சந்தனம் வச்சா. வாய்க்கு வச்சிட்டா, அது தப்பு. சிலிண்டரக் கழட்டினது நான். அதுவும் தப்பு. ரெண்டு பேரு தப்புக்கும் சாமி அவள வீட்டுக்கு அனுப்பணுமா?"

கலியபெருமாள் அண்ணன் பிரஸ்ஸைப் பார்த்தார். பிறகு வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"மொதலாளி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். கற்பூரம் எங்க வச்சாங்க?"

கற்பூரம் காட்டினார். மூவரும் கும்பிட்டோம், முசியே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் வைத்து ரிங்குகளைப் பார்த்தேன். பிசிறில்லாததாக மூன்று பொறுக்கினேன். கண் இன்னும் வேலையை மறக்கவில்லை என்று ஒரு சந்தோஷம்.

கிளப்புக்குத் திரும்பி ரிங்கில் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் தடவி மாட்டினேன். ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்: காஸ் வெளியேறும்போது வருகிற குளிரில் உறைந்து, தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சிலிண்டரைக் கை முறுக்கோடு நிறுத்தினேன். இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி கிளம்பவில்லை. வாசுகி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பால் பொங்குமா என்று பார்ப்பதுபோல.

மறுநாள் காலையில் மறுபடி நுரை தடவினேன். குமிழி இல்லை.

கை

வாசுகி சுட்டாள். பின்னால் பெஞ்சில் நான், முசியே, அவள் அப்பா. அப்பாவின் சட்டையில் இன்னும் மடிப்புக் கலையவில்லை. எனக்கு அவள் ஸ்கோர் போர்டு கண்ணில் படவில்லை, காது மட்டும் பிஸ்டலில் இருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே சத்தம், ஒரே அளவு. சீறல் இல்லை. கடைசிவரை காஸ் கசியவில்லை.

அவள் தேர்வாகவில்லை. நூலிழையில் போனது. பலகையில் பெயர்கள் எழுதியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முசியே எழுந்து வெளியே போய்விட்டார்.

வாசுகி வந்தாள். அப்பா கேட்டார்.

"துப்பாக்கி ஏதாச்சும் மக்கர் பண்ணிச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டோம். முந்தின நாள் நடந்தது அவருக்கும் தெரியும்.

"இல்லப்பா. அது நல்லாத்தான் இருந்துச்சு. கடைசில நான்தான் அவசரப்பட்டேன்."

அப்பா பெட்டிக்குள் இருந்த பிஸ்டலைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"வல கிழிஞ்சி மீன் போயிருந்தா என்னா பண்றதுன்னு தெரியாது. கை தப்புன்னா பழகிக்கலாம். அடுத்த வருஷமும் வா," என்றார்.

மெயின்டனன்ஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஜெயித்தவர்கள் கதையைத்தான் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். நாம் ஜெயிக்க வைக்க முடியாது. தோற்றால் எதனால் தோற்றோம் என்று சுட்டவருக்குச் சந்தேகம் இல்லாமல் தெரியும்படி செய்யலாம். அன்றைக்கு பிஸ்டல் கசிந்திருந்தால், அவள் கை என்ன செய்தது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது, அவள் அப்பாவுக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் லீவு போடவில்லை. முசியே தானே வந்து ஒவ்வொரு பிஸ்டலிலும் குண்டு இல்லை என்று பார்த்தார். சிலிண்டரைத் தொடவில்லை. "காஸ் இருக்கட்டும்," என்றார், வேறு எங்கோ பார்த்தபடி.

வாசுகி சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள்.

"எங்கக்கா வைக்கட்டும்?"

இடது கைப் பிடியின் மரத்தைக் காட்டினேன். அங்கே வைத்தாள்.