பத்தாம் நம்பர் மலையில் தோண்டிய வானம்

இரத்தினபுரிப் பக்கம் ஓப்பநாயக்க ஊருக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர் ஏரம்பமூர்த்தி எதையும் நம்பமாட்டார். மழை பெய்தால் கையை நீட்டிப் பார்ப்பார். கை நனைந்த பிறகும், கூரைமேல் யாராவது வாளியோடு நிற்கிறார்களா என்று அண்ணாந்து பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரத்தைத் தொடுமுன் பெண்ணின் அடையாள அட்டையைக் கேட்டவர். அட்டை சரியாக இருந்தபடியால்தான் கல்யாணமே நடந்தது என்று அவர் மனைவி செல்வநாயகி இன்றைக்கும் சொல்வாள். அலுவலக மேசை இழுப்பறையைப் பூட்டியபின் இடுக்கில் ஒரு தலைமயிரைச் செருகி வைப்பார். யாராவது திறந்தால் மயிர் விழுந்து காட்டிக்கொடுக்க வேண்டும். தன் தலையில் மிச்சம் இல்லாததால் அதற்கும் மனைவியின் சீப்பைத்தான் தேடவேண்டியிருந்தது.

இப்படிப்பட்டவரின் கண்ணில்தான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, போட்டோகொப்பி மெஷினுக்குள் யாரோ மறந்துவிட்டுப் போன அந்தத் தாள் பட்டது.

வெள்ளைத் தாளில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். ஆறு வளைந்து ஓடுவதுபோல இரண்டு பட்டைகள். பட்டை நெடுகப் பேனாவால் போட்ட வட்டங்கள், வட்டத்துக்கு வட்டம் இலக்கம். அடியில் ஒரு குறிப்பு: “வளைவில் நெருக்கம். தள்ளிப் போகப் போகக் குறைவு. நடுவில் தெரியவில்லை.”

அவர் அறைக் கதவைச் சாத்தினார். பழைய ஆற்று வளைவில் சரளை படிந்த இடத்தில்தான் மாணிக்கக்கல் கிடக்கும் என்பது இரத்தினபுரிப் பக்கத்தில் பல் முளைத்த பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் வட்டம் ஒவ்வொன்றும் ஒரு குழி. கையெழுத்தும் தெரிந்த கையெழுத்து. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்க்கும் ஜீவராணியுடையது. மாதாமாதம் அவள் கொடுக்கும் பால்மா அறிக்கையை அவர் இரண்டு தடவை வாசிப்பவர் அல்லவா?

மத்தியானத்துக்குள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கடிதம் தயார். தோட்டக் காணியில் களவாகக் கல் தோண்டும் கும்பலுக்கு இவள் வரைபடம் கொடுக்கிறாள். உடனே வேலையால் நிறுத்தி, தோட்டம் அவளுக்குக் கொடுத்த லயக் காம்பராவையும் மீட்கவேண்டும். தாளின் பிரதி ஒன்றையும் இணைத்து பங்களாவுக்கு அனுப்பினார். இருபத்தேழு வருட சேவையில் அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட வாபஸ் ஆனதில்லை.

மறுநாள் மேலதிக சாட்சி தேடிப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனார். ஜீவராணி ஒரு குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இதென்ன பிள்ளை?” தாளை நீட்டினார்.

“அட, இது உங்ககிட்டயா இருக்கு? நேத்தெல்லாம் தேடினேங்க ஐயா. இது வானத்துப் படம்.”

“வானம் கறுப்பு. இது வெள்ளை.”

“புள்ளி நல்லாத் தெரியணும்னு நிறத்தை மாத்திப் போடுவாங்கய்யா. இது மூனு கோடி ஒளியாண்டுக்கு அங்கால இருக்கிற ஒரு நட்சத்திர மண்டலம். வட்டம் போட்டிருக்கிறது ஒவ்வொன்னும் ஒரு நட்சத்திரக் கொத்து. வெளிநாட்டு யூனிவர்சிட்டி ஒன்னு போனுக்கு அனுப்புது. நாங்க அடையாளம் வெச்சு அனுப்புறோம்.”

“உமக்கு என்ன குடுக்கினம்?”

“தேங்ஸ் குடுப்பாங்க.”

சும்மா வேலை செய்கிற ஆளா? சந்தேகம் இரட்டித்தது. “அப்ப ஏன் எல்லாம் வளைவில நெருங்கிக் கிடக்கு?”

ஜீவராணி அறைக்குள் கையைக் காட்டினாள். கைக்குழந்தைகளின் துணி ஏணைகள் ஒரே மூலையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தொங்கின. “அதுங்க போட்ட இடத்துலயே கிடக்கும். வெளிய பாருங்க, மூனு வயசுக்காரங்க. ஒன்னு வேலியில, ஒன்னு தண்ணி கொட்டுற பீலியில, ஒன்னு உங்க சைக்கிள் மேல. கொத்தும் அப்படித்தாங்க. வாயு திரண்டு கிடக்கிற இடத்துல கூட்டம் கூட்டமாப் பிறக்குது. அந்த வளைவுங்கதான் அதிகமாப் பிறக்கிற இடம். இளசு எல்லாம் நெருங்கி நிக்கும். சில கோடி வருசம் போனா சிதறி, மண்டலம் பூராவும் பரவிடும்.”

அவர் முதலில் சைக்கிளைக் காப்பாற்றினார். பிறகு ஏணைகளை எண்ணினார். முற்றத்துப் பிள்ளைகளின் இடைவெளியைக் காலடியால் அளந்தார். கணக்கு சரியாகத்தான் வந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

“நடுவில ஏன் ஒரு வட்டமும் இல்லை? ஆரைக் காப்பாத்துறீர்?”

“நடுவுல வெளிச்சம் கூடங்க. சின்னக் கொத்து கண்ணுக்குப் படாது. தெரியாததை இல்லைன்னு எழுதக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதோட ஐயா, எங்களையும் அவங்க நம்புறதில்ல. அவங்களே பொய்க் கொத்துகளச் செஞ்சு படத்துல கலந்து அனுப்புவாங்க. எத்தனையக் கண்டுபிடிக்கிறோம், எத்தனையத் தவறவிடுறோம்னு பாக்க.”

ஏரம்பமூர்த்தி தாளைத் திரும்ப விரித்துப் பார்த்தார். கண்டுபிடிக்க வைத்த ஆளையே சோதிப்பதற்குப் பொய்ப் புள்ளி! உலகத்தின் மறுகோடியில் தன்னைப்போல யாரோ இழுப்பறையில் தலைமயிர் செருகிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு சந்தேகப்படுகிறவர்கள் பொய் சொல்லமாட்டார்கள்.

அப்போதுதான் கடிதம் நினைவுக்கு வந்தது. நாளைக்கே இவளுக்கு வேலை இல்லை; படுக்கையில் கிடக்கும் தாயோடு லயத்தைவிட்டு எங்கே போவாள்? சைக்கிளை எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு விரைந்தார்.

பங்களாவில் துரை இல்லை. பத்தாம் நம்பர் தேயிலை மலைக்குப் போனதாகச் சமையற்காரன் சொன்னான். சொல்லும்போது அவன் கண் நிலத்தில் இருந்தது. ஏரம்பமூர்த்தி அதைக் கவனித்தார்.

மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் ஒருவரும் இல்லை. மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. தேயிலைச் செடி பிடுங்கிய இடத்தில் நெஞ்சளவு குழி. உள்ளே பங்களாத் தோட்டக்காரர் இருவர். மேட்டில் துரை, தோட்ட வரைபடத்தின்மேல் ஜீவராணியின் தாள்பிரதியை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்துக் குனிந்திருந்தார்.

“கிளாக்கர்! நீங்க ஏன் இங்க?”

“கடிதத்தைத் திருப்பி வாங்க வந்தனான், சேர்.”

“ஏன்? இது இருபத்திமூன்றாம் நம்பர் வட்டம். கல் இல்லையா?”

“சேர், அது வானம்.”

துரை மேலே பார்த்தார்.

“மேல இல்லை சேர். நீங்கள் தோண்டுறது. மூன்று கோடி ஒளியாண்டு தூரத்து நட்சத்திரக் கொத்து. இன்னும் கொஞ்சம் ஆழமாப் போகவேணும்.”

குழிக்குள் ஒருவன் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டான். ஏரம்பமூர்த்தி குழியைப் பார்த்தார், பிடுங்கிய செடிகளைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். “இதுக்கு லைசன்ஸ்...” என்று தொடங்கினார்.

“ஹரி, ஹரி!” சரி சரி என்று சிங்களத்தில் சொல்லியபடி துரை சட்டைப்பையிலிருந்து கடிதத்தை உருவி அவர் கையில் திணித்தார். “அந்தப் பொம்பிளை வேலை செய்யட்டும். நான் கடிதம் பார்க்கவில்லை. நீங்க குழி பார்க்கவில்லை.”

“பார்த்ததைப் பார்க்கேல்லை எண்டு எனக்குச் சொல்லிப் பழக்கமில்லை, சேர். நாளைக்கு வந்து பார்க்கேக்க குழி இல்லாட்டி, எழுத ஒண்டும் இராது.”

மறுநாள் குழி இல்லை. மூடிய மண்ணை அவர் காலால் மிதித்தும் பார்த்தார். அதன்பிறகுதான் கடிதத்தை ஜீவராணியிடம் கொடுத்து, “கிழிச்சு அடுப்பில போடும்” என்றார்.

அவள் கிழிக்கவில்லை. படியில் உட்கார்ந்து மூன்று பக்க ஆங்கிலத்தையும் நிதானமாக வாசித்து, தமிழில் சொல்லிப் பார்த்தாள். அவர் நின்றார். போகவும் முடியவில்லை.

“‘நடத்தை அமைதியானது, ஆகவே சந்தேகத்திற்குரியது.’ நல்லா இருக்குங்க ஐயா.” பக்கத்தைப் புரட்டினாள். “‘குழந்தைகள் இவளிடம் அழுவதில்லை; காரணம் விசாரிக்கப்படவேண்டும்.’ என்னைப் பத்தி இவ்வளவு யாருமே எழுதினதில்லங்க.”

“மன்னிச்சுக்கொள்ளும், பிள்ளை.”

“பரவாயில்லங்க.” கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அழுத குழந்தையைத் தூக்க உள்ளே போனாள்.

சைக்கிளை உருட்டியபடி ஏரம்பமூர்த்தி பாதை வளைவுவரை போனார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். அந்தக் கடிதத்தை ஏன் வைத்துக்கொண்டாள்?