சுவிட்ச் எந்தப் பக்கம்

ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர் மின்சாரப் பாடத்தை மட்டும் ஒரே மூச்சில் நடத்தி முடித்துவிடுவாள். மின்னழுத்தம் தள்ளும், மின்னோட்டம் ஓடும், மின்தடை மறிக்கும், அவ்வளவுதான், புத்தகத்தை மூடுங்கள். உலர்ந்த கை ஓரளவு மறிக்கும், ஈரக்கை வழிவிடும் என்ற வரி வந்தால் ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள்.

அவள் கணவன் ஈரக்கையோடு செத்தவன். பின்னறையில் அப்போதுதான் கழுவிவிட்ட தரை. வெறுங்காலோடு இரும்பு ஸ்டூலில் ஏறி, பியூஸ் போன பல்பைக் கழற்றப் போனான். "ஆஃப் பண்ணிட்டியா?" என்று கேட்டான். பண்ணிவிட்டேன் என்றாள். மறு நொடி கீழே கிடந்தான்.

பதற்றத்தில் பக்கத்து சுவிட்சை அமுக்கியிருப்பாள், பாவம், வேண்டுமென்றா செய்தாள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசியது அவள் காதில் விழுந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தப் 'பாவம்'தான் அவளைத் தின்றது. மாமியார் மட்டும் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. பின்னறையில் ஒரு ஆணி அடிக்கக்கூட விடமாட்டாள், அவ்வளவுதான். என் பிள்ளை தன் கையால் வயர் இழுத்த அறை, அப்படியே இருக்கட்டும் என்பாள். இப்படி ஒரு மாமியார் யாருக்கு வாய்க்கும் என்று டீச்சரே பெருமைப்பட்டிருக்கிறாள்.

அந்த அறையில் புதிதாக மாட்டிய எல்.இ.டி. பல்பு, அணைத்தாலும் முழுதாக அணையாது. சாம்பல் மூடிய தணல் மாதிரி மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். அவன்தான் இன்னும் கேட்கிறான் என்று டீச்சர் நம்பினாள். அறிவியல் படித்தவள்தான், ஆனால் அந்த அறைக்குள் போனால் படிப்பெல்லாம் வாசலோடு சரி. "பண்ணிட்டேங்க" என்று வாய்விட்டே சொல்வாள். சொல்லும்போதே பண்ணினோமா என்று சந்தேகம் வரும்.

இந்த வருஷம் கரும்பலகையில் மின்சுற்று வரைந்தபோது, வழக்கமாகப் போடும் இடத்தை விட்டு, சுவிட்சைப் பல்புக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டாள். பரவாயில்லை, எந்தப் பக்கம் போட்டாலும் பல்பு அணையும் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். சொன்னவள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அணைவது பல்புதானே. ஓட்டம்தானே நிற்கிறது. வீட்டு மின்சாரத்தில் சுவிட்ச் அந்தப் பக்கம், திரும்பிப் போகும் வயரில் இருந்தால், அழுத்தம் பல்புவரை வந்து காத்துக்கொண்டல்லவா இருக்கும்? ஈரக்கை பட்டால் அந்தக் கையே வழி. பின்னறை பல்பு அணைத்தும் மங்கலாக எரிவது அதனால்தானா?

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினாள். வழியில் ஒரு டெஸ்டர் வாங்கிக்கொண்டாள். பின்னறை சுவிட்சை அணைத்து, மர நாற்காலியில் ஏறிப் பல்பைக் கழற்றி, டெஸ்டரை உயர்த்தினாள்.

"தொடாதம்மா," என்று கதவோரத்திலிருந்து மாமியார் பதறினாள். "ஆஃப்ல இருந்தாலும் அதுல கரண்ட் இருக்கும்."

டெஸ்டரை உள்ளே விடவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. டீச்சர் மெதுவாக இறங்கினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும், அத்தை?"

மாமியார் உள்ளே வந்து சொன்னாள். புது பல்பு மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அன்றைக்கே சொல்லிவிட்டானாம், சுவிட்சைத் தப்பான வயரில் கொடுத்திருக்கிறது, வயரிங் பண்ணினவர் தப்பு என்று. மாற்றித் தருகிறேன் என்றவனை, ஏன் மாற்றினாய் என்று கேள்வி வருமே என்று அவள்தான் திருப்பி அனுப்பினாளாம்.

"செத்தவன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு நெனச்சேன்மா," என்றாள். "நீதான் உயிரோட இருக்கியே, தாங்கிக்குவேன்னு இருந்துட்டேன்."