நான் அவிழ்க்கச் சொன்ன கட்டு

எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அந்த வருஷம் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாம்புக்கடி பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டக்கூடாது, கட்டினால் கால் அழுகிப்போகலாம் என்று ஒரு டாக்டரம்மா சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்தேன். அதன்பிறகு யாராவது கட்டு என்று பேச்செடுத்தாலே பிடித்துக்கொள்வேன். "இவ இருக்கற வீட்டுல பூவக்கூடக் கட்ட முடியாது போலருக்கு" என்று என் கணவர் கேலி செய்வார்.

ஆவணியில் கொழுந்தனார் துபாயிலிருந்து லீவில் வந்தார். வரப்புப் புல் வெட்ட ஒரு மெஷின் வாங்கினார். புல்லை வெட்டச் சுழலும் நைலான் நரம்பைக் கழற்றிவிட்டு, பல் வைத்த இரும்புத் தட்டு மாட்டினார். புல் சிக்குகிறதென்று கால் பக்கம் இருந்த தடுப்பையும் கழற்றிப் போட்டார். குடித்துவிட்டு எவனெவனோ எறிந்த பாட்டில்கள் வரப்பெல்லாம் கிடக்கும். தட்டு அவற்றில் படும்போதெல்லாம் கிணுங்கென்று சத்தம் வந்தது. "பாத்து தம்பி" என்று கத்தினேன். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.

பிறகு தட்டு எல்லைக்கல்லில் பட்டது. இரைச்சல் நின்றுபோனது.

உடைந்த துண்டு அவர் கெண்டைக்காலைக் கிழித்திருந்தது. ரத்தம் வடியவில்லை, விட்டுவிட்டுப் பீய்ச்சியது. பக்கத்தில் இருந்தது நானும், நாற்றங்காலில் களை பறிக்கக் கூலிக்கு வந்த ஒருத்தியும்தான். அவள் தலைத்துண்டை உருவினாள். முழங்காலுக்கு மேலே சுற்றி முடிந்து, முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினாள். கொழுந்தனார் அலறிய அலறலில் வேறெதுவும் அவர் காதில் விழுந்திருக்காது. ரத்தம் நின்றது.

"அவுத்துடு," என்றேன். "கட்டுனா கால் அழுகிடும். ஒனக்கென்ன தெரியும்?"

"அது பாம்புக்குங்கம்மா..."

"அவுத்துடுன்னா அவுத்துடு."

எங்கள் வயலில் கூலி வாங்குகிறவள். நான் சொன்னால் செய்வாள். செய்தாள். ரத்தம் என் புடவையிலும் அவள் கையிலும் அடித்தது. "அண்ணி, குளிருது," என்றார் கொழுந்தனார். சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் உதடு வெளுத்துவிட்டது. அவள் என்னைக் கேட்காமல் மறுபடி முறுக்கினாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தேன், ரத்தத்தில் விரல் வழுக்கியது.

ஆம்புலன்ஸில் வந்தவர் கட்டைப் பார்த்துவிட்டு, "எப்ப கட்டுனீங்க?" என்றார்.

"ஒம்பதே கால் மன்னார்குடி பஸ் போச்சுங்க, அப்ப," என்றாள் அவள்.

"நடுவுல அவுத்தீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கொழுந்தனாரின் காலைப் பார்த்தேன்.

"ஒரு தடவ அவுத்துட்டேங்க. தெரியாமப் பண்ணிட்டேன்."

"ரத்தத்துக்குக் கட்டுனா ஆஸ்பத்திரி போற வரைக்கும் அவுக்கக் கூடாதும்மா. அதுல எவ்வளவு ரத்தம் போயிருக்கு பாருங்க." அவளைக் கடிந்துகொண்டே நேரத்தை எழுதிக்கொண்டார். கொழுந்தனார் அரைக்கண்ணில் இதையெல்லாம் கேட்டபடி கிடந்தார்.

தஞ்சாவூரில் இரண்டு நாள் ரத்தம் ஏற்றினார்கள். பிழைப்பாரா என்று கேட்டால் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போய்விட்டால் கொன்றது நான் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். ஆனால் அவர் செத்துவிடுவாரோ என்பதைவிட, அவள் சொல்லிவிடுவாளோ என்றுதான் அதிகம் பயந்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிழைத்தார். கால் தப்பியது, நடை மட்டும் பழையபடி வரவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே என்னைக் கூப்பிட்டார்.

"அந்தம்மாவ இனிமே நம்ம வயல்ல சேக்காதீங்க அண்ணி. ரத்தத்த நிறுத்துன கட்ட அவுத்து விட்டு என்னை முடிக்கப் பாத்துது."

"சரி தம்பி," என்றேன்.

நடவுக்கு முந்தின நாள் அவள் வாசலில் வந்து நின்றாள். "தம்பி கால் எப்படிங்கம்மா இருக்கு?"

"பரவால்ல. நடக்கறாரு."

"நாளைக்கு நடவுக்கு வரட்டுங்களாம்மா?"

உள்ளே கொழுந்தனார் கோலை ஊன்றி நடக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

"சொல்லி அனுப்பறேன்," என்றேன்.

சொல்லி அனுப்பவில்லை.